எம்.சி.ஆர். செருப்பு: மென்மையை விடப் பொருத்தத்தைப் பார்த்து வாங்க வேண்டிய பொருள்

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களிடம் ‘எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர்கள் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் அது எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்தச் சீட்டோடு கடைக்குப் போகிறவருக்கு எந்தத் தடிமனில் வாங்குவது, பின்பட்டை வேண்டுமா, அளவு கொடுத்துத் தைப்பதா, அலமாரியில் இருப்பதை எடுத்துக்கொள்வதா என்பதெல்லாம் தெரிவதில்லை. கடைக்காரர் எடுத்துப் போடுவதைக் காலில் மாட்டிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி வந்துவிடுகிறார். எழுபது வயதைத் தாண்டிய என் தந்தையாருக்கு மதுரையில் இந்தச் செருப்பை ஆயத்தமாக ஒரு ஜோடியும், அளவு கொடுத்துத் தைத்து ஒரு ஜோடியும் வாங்கினோம். இரண்டும் வெயிலிலும் மழையிலும் உழைத்து முடித்த பிறகு, அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எம்.சி.ஆர். நல்ல பொருள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அதன் உள்தட்டில் உள்ள மென்மையான ரப்பர் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதியைச் செய்வது பட்டையும், அளவும், அடித்தட்டும், செருப்பைக் கழற்றிய பின் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும்தான். அவை சரியில்லாத எம்.சி.ஆர். செருப்பு, மருத்துவப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் சாதாரணச் செருப்பே.

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சின்னஞ்சிறு காற்றறைகள் நிறைந்த ரப்பர் அது. ஒவ்வொரு அறையும் தனித்தனியே மூடியிருப்பதால், மிதிக்கும்போது அமுங்கிக் காலை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். கடற்பஞ்சு இப்படி இருக்காது. ஒரேயடியாக அமுங்கித் தரையைத் தொட்டுவிடும். சாதாரண ஹவாய் செருப்பின் ரப்பர் மறுபுறம் மிகக் கெட்டியானது. எடை ஓரிடத்தில் குவிவதை அது தடுப்பதில்லை. நல்ல எம்.சி.ஆரின் கடினத்தன்மை ஷோர் அளவில் 15 முதல் 20 வரை இருக்க வேண்டும் என்பார்கள். கடையில் அதை அளக்கக் கருவி இருக்காது; விரலே போதும். உள்தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் தடிமன் ஏறத்தாழப் பாதியாகக் குறைய வேண்டும். விட்டதும் மீள வேண்டும். அமுங்கவே மறுத்தால் அது எம்.சி.ஆர். அல்ல. விரல்கள் இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டால் அது மலிவான நுரைத்தட்டு. கறுப்பும் நீலமும் மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் ஏறிய கடைகளில் ஒன்றில் எம்.சி.ஆர். என்று சொல்லி எடுத்துக் காட்டியது இந்தச் சோதனையில் தேறவில்லை.

இந்தச் செருப்பின் வரலாறு நம் மண்ணோடு சேர்ந்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களில் வரும் புண்களுக்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமல்ல, உணர்ச்சி போன பிறகு வலி தெரியாமல் அந்தக் கைகால்களைப் பயன்படுத்துவதுதான் காரணம் என்று எடுத்துக்காட்டினார். ஒரு முள் குத்தினாலோ கங்கு பட்டாலோ காயம் உண்டாவது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் காயமே ஏற்படுத்தாத அளவுக்கு மிதமான அழுத்தம், ஒரே இடத்தில், நாளுக்கு ஆயிரக்கணக்கான அடிகளாகத் திரும்பத் திரும்ப விழுந்தால் சதை உள்ளுக்குள் நைந்துபோகும் என்பது அவர் வற்புறுத்திச் சொன்ன கருத்து. நமக்கு அந்த இடம் வலிக்கத் தொடங்கியதும் அறியாமலேயே நடையை மாற்றி எடையை வேறு பக்கம் சாய்த்துக்கொள்கிறோம். மரத்துப்போன கால் அப்படி மாற்றிக்கொள்ளாது. எனவே அந்த அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும் காலணி தேவைப்பட்டது. வேலூரிலும், 1955இல் அருகே கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவ நிலையத்திலும் நடந்த பணிகளோடு எம்.சி.ஆர். காலணி பரவியது. தொழுநோயாளிகளுக்கு அரசுத் திட்டத்தின் வழியாக இன்றும் இது வழங்கப்படுகிறது. சர்க்கரை நோயால் நரம்பு கெட்ட காலுக்கும் சிக்கல் அதேதான் என்பதால் அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்தது.

பலன் உண்டா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே விடை கிடைத்திருக்கிறது. பாதத்தில் ஏற்கெனவே புண் வந்து ஆறிய சர்க்கரை நோயாளிகளை வைத்து நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், எம்.சி.ஆர்., பாலியூரிதேன் நுரை, பாதத்துக்கேற்ப வார்த்தெடுத்த தட்டு ஆகிய மூன்று வகை உள்தட்டுகளை அணிந்தவர்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கே மீண்டும் புண் வந்தது. தங்கள் வழக்கமான கெட்டித் தட்டுச் செருப்பை அணிந்தவர்களிலோ 33 சதவீதத்தினருக்கு வந்தது. இதில் என் கவனத்தைப் பிடித்தது வேறொன்று. மூன்று வகை உள்தட்டுகளுக்கும் இடையே பாத அழுத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பொருளின் பெயரை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் செருப்பை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்ற என் எண்ணத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

இனி நாங்கள் வாங்கிய கதைக்கு வருகிறேன். செருப்பு வாங்கும் முன் பாதப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம் என்பேன். அது எளிய சோதனை. நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் வைத்து அது வளையும் வரை அழுத்துவார்கள். அந்த இழை வளையும்போது தரும் அழுத்தம் 10 கிராம். கண்ணை மூடிக்கொண்டு, படுகிறதா இல்லையா என்று நோயாளி சொல்ல வேண்டும். என் தந்தையார் குதிகாலில் வைத்தபோது ‘ஆம்’ என்றார். முன்பாதத்தில், கட்டைவிரலின் அடிமூட்டுக்குக் கீழே வைத்து இழை நன்றாக வளைந்த பிறகும் பேசாமல் இருந்தார். எப்போது வைப்பார்கள் என்று காத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். அந்த இடத்தில்தான் தோலும் தடித்துக் கால் ஆணி போல் இறுகியிருந்தது. எங்கே உணர்ச்சி இல்லை, எங்கே அழுத்தம் மிகுதி என்ற இந்த இரண்டு செய்திகளையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது, தெரியாமல் போவதை விடப் பல மடங்கு மேல்.

ஆயத்தச் செருப்பை 600 ரூபாய்க்கு வாங்கினோம். உள்தட்டு விரல் சோதனையில் தேறியது. விலைக்குக் குறைவில்லாத ரப்பர். குறை அளவில் இருந்தது. கடைகளில் நீளத்துக்கு எண் உண்டு, அகலத்துக்கு எண் இல்லை. தந்தையாருக்கு முன்பாதம் அகலம். நீளத்துக்குப் பொருந்திய செருப்பில் சுண்டுவிரல் தட்டுக்கு வெளியே தொங்கியது. ஒரு எண் கூட்டி எடுத்தபோது விரல்கள் உள்ளே வந்தன, ஆனால் குதிகாலுக்குப் பின்னால் வெற்றிடம் விழுந்து, ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னும் பின்னும் வழுக்கியது. அழுத்தத்தைக் குறைக்க வாங்கிய செருப்பே தோலை உரசினால் அது போன காரியத்தையே கெடுத்துவிடும். நீண்டு ஒடுங்கிய பாதம் உள்ளவர்களுக்கு ஆயத்த ஜோடி நன்றாகவே பொருந்தக்கூடும். அகலப் பாதம், மடங்கிய விரல், புடைத்த கட்டைவிரல் மூட்டு உள்ளவர்கள் அதில் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் கருத்து.

அளவு கொடுத்துத் தைத்த ஜோடி 1,400 ரூபாய் ஆனது. தைத்துக் கொடுத்தவர் செயற்கைக் கால், முடநீக்குக் கருவிகள் செய்யும் சிறிய பட்டறையில் வேலை செய்பவர். உட்கார்ந்தபடி காலை நீட்டிய தந்தையாரிடம், “அய்யா, எந்திரிச்சு நின்னு ரெண்டு கால்லயும் சமமா ஊனுங்க, அப்பத்தான் பாதம் விரியும்” என்றார். பென்சிலைச் சற்றும் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்தே பாதத்தைச் சுற்றி வரைந்தார். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் வரைவு குறுகிவிடும், அளவு போய்விடும் என்றார். இரண்டு கால்களையும் தனித்தனியே வரைந்தார், ஏனெனில் எவருக்கும் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டார். முன்பாதத்தில் தோல் தடித்த இடத்தை வரைவில் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுப் பின்னால் சிறு மேடு வைத்தால் அந்த இடத்தின் சுமை குறையும் என்று விளக்கி, மருத்துவரின் சீட்டில் அது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டார். மாலையில் வந்ததும் நல்லதாயிற்று என்றார். பொழுது சாயும்போது பாதம் சற்று வீங்கியிருக்கும், காலையில் எடுத்த அளவு மாலையில் இறுகும்.

அந்த ஜோடி கைக்கு வந்ததும் நான் பார்த்த முதல் விஷயம் ஆணி இருக்கிறதா என்பது. உணர்ச்சியற்ற காலுக்கான செருப்பில் ஆணி அடிக்கவே கூடாது. தேய்ந்தபின் மேலே துருத்திக்கொண்டு வந்தாலும் அணிபவருக்குத் தெரியாது. பசையும் தையலும் மட்டுமே இருந்தன. அடியில் கெட்டி ரப்பர்த் தட்டு இருந்தது. இது மென்மையான தட்டைப் போலவே முக்கியமானது. சாலையில் கிடக்கும் கண்ணாடித் துண்டும் கருவேல முள்ளும் மெல்லிய அடித்தட்டைத் துளைத்து உள்ளே வந்துவிடும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நுழையும் வார் இல்லை. அந்த வார் உள்ள செருப்பை விரலால் கவ்விப் பிடித்தே நடக்க வேண்டும். உணர்ச்சி குறைந்தவருக்கு அந்தப் பிடி தளர்ந்து, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார். இதில் முன்னால் அகலமான இரண்டு பட்டைகளும் குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டையும் வெல்க்ரோ ஒட்டுடன் இருந்தன. வீக்கத்துக்குத் தக்கபடி தளர்த்தவும் இறுக்கவும் முடிகிறது.

பின்பட்டையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் வயதானவர்கள் அதைத்தான் வேண்டாம் என்பார்கள். குனிந்து மாட்ட முடியவில்லை என்பது உண்மையான இடர்ப்பாடு. ஆனால் கால் தடுமாறாமல் இருப்பதற்கு இந்தச் செருப்பில் மிகுதியாக உதவியது பின்பட்டையே என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பின்பட்டை இல்லாத ஜோடியில் தந்தையார் செருப்பைத் தரையோடு தேய்த்து இழுத்து நடந்தார். வாசற்படியில் முன்முனை இடறும். பின்பட்டை வந்த பிறகு காலைத் தூக்கி வைக்கத் தொடங்கினார். நாற்காலியில் அமர்ந்து, காலைச் சிறிய முக்காலியில் வைத்துக்கொண்டால் அதிகம் குனியாமல் மாட்டிவிடலாம்.

தடிமன் விஷயத்தில் கடைக்காரர்களின் ஆலோசனையை அப்படியே ஏற்க வேண்டாம். ‘இன்னும் ஒரு தட்டு வைத்துத் தருகிறேன், பஞ்சு மாதிரி இருக்கும்’ என்பார்கள். உள்ளங்காலில் உள்ள உணர்விகள் தரையின் சாய்வையும் மேடுபள்ளத்தையும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் நாம் நிலையாக நிற்கிறோம். நரம்புக் கோளாறு அந்தச் செய்தியில் ஒரு பகுதியை ஏற்கெனவே பறித்துவிட்டது. மிகத் தடித்த, மிக மென்மையான தட்டு மீதியையும் மங்கச் செய்யும். மெத்தையின் மேல் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். 10 மில்லிமீட்டர் அளவிலான ஒரே உள்தட்டு, அதற்குக் கீழே வளைந்து கொடுக்காத அகலமான அடித்தட்டு, உயராத குதிகால் என்ற அமைப்பே தந்தையாருக்கு ஒத்துவந்தது. இரட்டைத் தட்டுச் செருப்பைக் கடையிலேயே போட்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது அவர் சுவரைப் பிடித்தார். வாங்கும் முன் ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டிய சோதனை அது, பக்கத்தில் ஆள் நிற்க.

குறைகளும் உண்டு. முதல் குறை தோற்றம். பெரும்பாலான பட்டறைகளில் கறுப்பு, பழுப்பு தவிர வேறு நிறம் இல்லை. பார்த்த மாத்திரத்தில் நோயாளியின் செருப்பு என்று தெரிகிறது. இதனாலேயே திருமண வீட்டுக்கும் விசேஷத்துக்கும் போகும்போது வேறு செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் புண்ணோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாகப் பெண்களுக்கு இன்னும் சற்றுக் கண்ணுக்கு அழகான வடிவம் கிடைக்க வேண்டும்; அதைச் செய்ய முடியாத தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. இரண்டாவது குறை வெல்க்ரோ. சேலைக் கரையிலும் வேட்டி நூலிலும் மாட்டி இழுக்கிறது. இழுத்த நூல் அதிலேயே சிக்கி, போகப் போக ஒட்டும் வலுவும் போய்விடுகிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அவ்வப்போது சுரண்டி எடுத்தால் சரியாகிறது. மூன்றாவது மழை. ரப்பர் தண்ணீரை உறிஞ்சுவதில்லை என்றாலும் அதன் மேல் ஒட்டிய துணி உறிஞ்சும். ஐப்பசி மழையில் நனைந்தபின் ஓரத்தில் பசை விட்டது. பட்டறையில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஈரச் செருப்பை வெயிலில் காயவைத்தால் தட்டு முறுக்கிக்கொள்ளும். நிழலில் காற்றாட வைக்க வேண்டும். ஈரத்தோடு அணிந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வர வாய்ப்பு மிகுதி.

புதுச் செருப்பை முதல் நாளே ஊர் சுற்றப் போட்டுப் போகக் கூடாது. வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து, கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சிவப்பு விழுந்து, அரை மணி நேரம் கழித்தும் மறையாமல் இருந்தால் அங்கே அழுத்துகிறது என்று பொருள். பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு இடது சுண்டுவிரல் ஓரத்தில் அப்படி விழுந்தது, பட்டையை மாற்றித் தைத்த பிறகு நின்றது. உள்ளங்காலைத் தானாகப் பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் காலை நீட்டலாம். செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுவதும் இதோடு சேர்ந்த பழக்கம். ஒரு சிறு கல் மாலை வரை உள்ளே கிடந்தாலும் மரத்துப்போன கால் சொல்லாது.

செருப்பு மட்டும் தனியே நின்று வேலை செய்வதில்லை. கழுவும் வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிப்பது, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, பித்தவெடிப்பு வராமல் குதிகாலில் எண்ணெயோ களிம்போ தடவி விரலிடுக்கில் மட்டும் தடவாமல் விடுவது, நகத்தை மூலை வளைக்காமல் நேராக வெட்டுவது, கால் ஆணியை பிளேடால் சீவாமல் இருப்பது ஆகியவை சேர்ந்தால்தான் இந்தச் செலவுக்குப் பயன் உண்டு. மருந்துக்கடையில் விற்கும் கால் ஆணிப் பட்டியை உணர்ச்சியற்ற காலில் ஒட்டக் கூடாது; அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். முண்டு முண்டாகக் குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்பையும் இத்தகையவர்கள் தொடவே வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குவதும், கெண்டைக்காலை இழுத்து நீட்டுவதும் கணுக்காலின் பிடிப்பைக் கூட்டும். புண் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இவற்றைச் செய்யலாம்.

செருப்பைக் கழற்றியே ஆக வேண்டிய இடங்கள் நமக்கு இரண்டு, வீடும் கோயிலும். வீட்டுக்குள் அணிய மட்டும் தனி ஜோடி வைத்துக்கொள்வதை வெளிச்செருப்பு வாங்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. பகலின் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் கழிகிறது, வெறுங்காலில் அடிபடுவதும் அங்கேதான். கோயிலில் வேறு வழியில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த கல் பிராகாரத்தில் நடந்து, சூடு தெரியாமல் உள்ளங்கால் முழுவதும் கொப்புளமாகித் திரும்பும் சர்க்கரை நோயாளிகளைப் பாத மருத்துவர்கள் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறார்கள். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ போவதும், தடித்த பருத்திக் காலுறை அணிவதும், விரித்திருக்கும் கயிற்றுப்பாயை விட்டு இறங்காமல் நடப்பதுமே செய்யக்கூடியவை.

சர்க்கரை நோய் இல்லாமல் வெறும் குதிகால் வலிக்காக இதை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம், தீங்கில்லை, ஆனால் அவர்களுக்குப் பாத வளைவைத் தாங்கும் நல்ல நடைக்காலணியே கூடுதலாக உதவும் என்பது என் கணிப்பு. பாதத்தில் திறந்த புண் இருப்பவர்களும், காரணமில்லாமல் ஒரு கால் மட்டும் சூடாகி வீங்கியிருப்பவர்களும் எந்தச் செருப்பும் வாங்கப் போகாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆயுள் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாள்தோறும் அணிந்தால் சில மாதங்களில் முன்பாதமும் குதிகாலும் படும் இடங்களில் ரப்பர் அமுங்கியே நின்றுவிடும். மேலே பார்த்தால் புதிதுபோல்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதே விரல் சோதனையை அந்த இடங்களில் செய்து பார்த்து, அமுங்கி மீளவில்லை என்றால் தட்டையோ செருப்பையோ மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது பட்டறையில் முன்பு வரைந்த தாளை எடுத்து அதை வைத்தே தைத்துவிடுவதாகச் சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். என் தந்தையாரின் இரண்டாவது வரைவு, முதலாவதன் மேல் வைத்துப் பார்த்தபோது, வலது பாதத்தில் தெளிவாக அகன்றிருந்தது.